மோசல், டான்யூப், லுவார்: கார் இல்லாத சைக்கிள் பயணத்துக்கு முதலில் எது?

ஆற்றுவழி எழுதியது:

வணக்கம். நானும் மனைவியும் செப்டம்பர் கடைசியில் ஐரோப்பாவில் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே சைக்கிளில் போகத் திட்டமிடுகிறோம். திராட்சை அறுவடை நடக்கிற பகுதியாக இருக்க வேண்டும் என்பது ஆசை. கார் எடுக்கும் எண்ணம் இல்லை. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததிலிருந்து திரும்பி ஏறும் வரை ரயில், பஸ், படகு, சைக்கிள் மட்டும்தான்.

ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர் எங்களுக்குப் போதும். மலையேற்றம் அதிகம் வேண்டாம். எனக்கு ஒயின் பிடிக்கும், மனைவி குடிப்பதில்லை, இருவருமே சைவம். ஜெர்மனியில் மோசல், ஆஸ்திரியாவில் டான்யூப், பிரான்ஸில் லுவார் என்று மூன்றைக் குறித்து வைத்திருக்கிறோம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: முதல் முறைக்கு எது நல்லது?

சக்கரவாகம் எழுதியது:

மோசல். இரண்டாம் யோசனையே வேண்டாம்.

எந்த ஆறு அழகு என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் மூன்றும் சமம்தான். கார் இல்லாதவர் பார்க்க வேண்டியது வேறு. கால் வலித்தால், மழை பிடித்துக்கொண்டால், டயர் கிழிந்தால், அடுத்த ரயில் நிலையம் எவ்வளவு தூரம்? அந்தத் தூரம் குறையக் குறைய மனம் லேசாகும். ஆற்றங்கரையிலேயே ரயில் ஓடும் பள்ளத்தாக்கில் எந்த நாளையும் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம். அந்தத் தைரியம் இருந்தால்தான் வழியில் நின்று நிதானமாக எதையாவது பார்க்கத் தோன்றும்.

மோசலில் ட்ரியரிலிருந்து கோப்லென்ஸ் வரை ஆற்றோரமாக ஏறக்குறைய 200 கி.மீ. அதே இரண்டு ஊருக்கும் நடுவே ரயில் பாதை 110 கி.மீ. சொச்சம்தான். ஆறு அப்படி வளைந்து வளைந்து போகிறது. கோஹெம் பக்கத்தில் ரயில் 4 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வரும். அதே இடத்தை ஆறு 20 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிக்கொண்டு போகும். 1870-களில் தோண்டிய சுரங்கம் அது. நமக்கு அதனால் என்ன ஆகிறது என்றால், அந்த வளைவில் இருக்கும் பய்ல்ஷ்டைன், எல்லென்ஸ் மாதிரி ஊர்களில் ரயிலே கிடையாது. சத்தமும் குறைவு. சைக்கிளில் போகிறவர்களுக்கு அந்த வளைவு முழுக்க லாபம்.

ஆனால் முழு நீளத்துக்கும் ரயில் பக்கத்திலேயே வரும் என்று நினைத்துவிடாதீர்கள். கோப்லென்ஸிலிருந்து கோஹெம் வரை கரையோரம் ஓடும். புல்லாய் என்ற ஊருக்கு மேலே, அதாவது ஆறு வரும் பக்கம், பெரிய பாதை ஆற்றை விட்டு விலகிவிடும். அங்கிருந்து ட்ராபென்-ட்ரார்பாஹ் வரைக்கும் ஒரு கிளைப் பாதை மட்டும் உண்டு. அதற்கும் மேலே ட்ரியரை நெருங்கும் வரை ஆற்றங்கரையில் ரயில் இல்லை. முன்பு இருந்தது. ட்ரியருக்கும் புல்லாய்க்கும் நடுவே ஆற்றோரமாகவே ஊர் ஊராக நின்று போன ஒரு குட்டி ரயில்; பயணிகளுக்கு உள்ளே ஒயின் கிடைக்கும் என்பதால் ஊர்க்காரர்கள் அதற்குக் 'குடிகார ரயில்' என்றே பேர் வைத்திருந்தார்கள். 1960-களில் மூடிவிட்டார்கள். அந்தத் தண்டவாளம் கிடந்த மேட்டில்தான் இன்று சைக்கிள் பாதை பல இடங்களில் போகிறது. ரயில் இல்லாத அந்தப் பகுதிக்கு, சைக்கிள் ஏற்றும் டிரெய்லரோடு பஸ் விடுகிறார்கள். ரெகியோராட்லர் என்று பெயர். ஏப்ரலிலிருந்து அக்டோபர் கடைசி வரை ஓடும். முன்பதிவு செய்துகொள்ளுங்கள், அறுவடைக் காலத்தில் வார இறுதி இடங்கள் தீர்ந்துவிடும்.

மேற்குக்காற்று எழுதியது:

சக்கரவாகம் அண்ணன் மோசல் என்றால் உருகிவிடுவார், தெரிந்ததுதான். நான் லுவாருக்காகப் பேசுகிறேன்.

லுவார் பிரான்ஸின் மிக நீளமான ஆறு, 1,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. சைக்கிள் பாதை மட்டும் 900 கி.மீ. வரும்; நெவேர் பக்கத்தில் தொடங்கி அட்லாண்டிக் கரையில் முடியும். யூரோவெலோ 6 என்று கருங்கடல் வரை போகும் நெடும்பாதையின் மேற்கு முனையும் இதுதான். மோசலை மதகு கட்டிக் கப்பல் போகும் வாய்க்காலாக்கிவிட்டார்கள். நடு லுவார் அப்படி அல்ல. மணல் திட்டு, தீவு, கிளை பிரிந்து மறுபடி சேரும் நீர் என்று ஆறு ஆறாகவே ஓடுகிறது. கோடையில் தண்ணீர் வற்றி மணல் திட்டுகளில் ஆலாப் பறவைகள் கூடு கட்டும்.

ஒயினும் ஒரே மாதிரி இருக்காது. கிழக்கே சான்செர், நடுவே வூவ்ரே, ஷினோன், சோமூர், கடல் பக்கம் மஸ்கதே. சோமூரைச் சுற்றி வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லை வெட்டி எடுத்த குகைகள் கிலோமீட்டர் கணக்கில் இருக்கின்றன. அரண்மனை கட்டக் கல் எடுத்தார்கள்; காலியான இடத்தில் ஒயின் வைத்தார்கள், காளான் வளர்த்தார்கள், குடியும் இருந்தார்கள். வெயிலில் மிதித்து வந்து அந்தக் குகைக்குள் கால் வைத்த உடனே உடம்பு சிலிர்க்கும். சட்டை ஈரமாக இருந்தால் மேலே ஒன்று போட்டுக்கொண்டு உள்ளே போங்கள்.

காற்று பற்றி ஒரு வார்த்தை. அங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வீசும். கடலில் முடிக்க வேண்டும் என்ற ஆசையில் எல்லோரும் கிழக்கிலிருந்து மேற்கே போகிறார்கள், போய் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டுகிறார்கள். நாந்த்திலிருந்து உள்நாட்டுப் பக்கம் வாருங்கள். காற்று முதுகைத் தள்ளும். ஆறு இறங்கும் திசைக்கு எதிரே போகிறோமே என்ற கவலை வேண்டாம், அந்தச் சரிவு காலுக்குத் தெரியவே தெரியாது.

சக்கரவாகம் எழுதியது:

சரிவு பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. மோசலிலும் அதே கதைதான். ட்ரியரிலிருந்து கோப்லென்ஸ் வரை 200 கிலோமீட்டரில் ஆறு இறங்குவது ஏறக்குறைய 65 மீட்டர். அதிலும் பெரும்பகுதியைப் பத்து மதகுகள் படிப்படியாக எடுத்துக்கொள்கின்றன. ஆகவே 'கீழ்நோக்கிப் போனால் சுலபம்' என்பதற்கு அங்கே பொருள் இல்லை. வளைவுகள் அதிகம் என்பதால் காலையில் எதிர்த்த காற்று மதியம் பின்னால் வந்துவிடும்.

லுவாரில் எனக்குள்ள குறை ஒன்றே: ஊருக்கு ஊர் இடைவெளி அதிகம். கரை மேட்டில் மணிக்கணக்காக நிழலில்லாமல் போகும் இடங்கள் உண்டு. மோசலில் ஒரு சர்ச் கோபுரம் மறைவதற்குள் அடுத்தது தெரியும். 50 கி.மீ. போதும் என்பவர்களுக்கு இதுதான் முக்கியம்.

பொதிசுமப்பவள் எழுதியது:

டான்யூபுக்கு ஆளில்லையா? நான் இருக்கிறேன்.

பாஸாவிலிருந்து வியன்னா வரை 300 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் உங்களுக்கு முழுவதும் வேண்டாம். அதில் ஒயின் விளைவது கடைசிப் பகுதியில்தான். அதன் நெஞ்சு வாஹாவ் பள்ளத்தாக்கு, மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை 36 கி.மீ. 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். மெல்க் பெரிய ரயில் பாதையில் இருக்கிறது, கிரெம்ஸிலிருந்து வியன்னாவுக்கு நேரடி ரயில் உண்டு. வியன்னாவில் தங்கிக்கொண்டு காலையில் மெல்க் போய், மிதித்து, மாலை கிரெம்ஸில் ரயிலேறலாம்.

ஒரே நாளில் முடிக்கலாம் என்றாலும் முடிக்காதீர்கள். மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் இடையில் ஆற்றைக் கடக்க ஒரு பாலம்கூட இல்லை. படகுதான். ஷ்பிட்ஸ் என்ற ஊரில் இருக்கும் படகுக்கு இன்ஜின் கிடையாது. ஆற்றின் குறுக்கே உயரத்தில் ஓர் இரும்பு வடம். படகு அதில் கட்டியிருக்கும். படகோட்டி படகைக் கொஞ்சம் சாய்த்துத் திருப்புகிறார், ஓடும் தண்ணீரே பக்கவாட்டில் தள்ளி அக்கரையில் சேர்த்துவிடுகிறது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றால் கேட்பது மேலே உருளை உருளும் சத்தம் மட்டும். கார் வைத்திருப்பவர்களும் அதில் ஏறுகிறார்கள், ஆனால் வரிசையில் காத்திருக்க வேண்டும். நாம் நேரே போய் ஏறிக்கொள்ளலாம்.

வடகரையில் பெயர் பெற்ற ஊர்கள்: வைசென்கிர்ஹென், டூர்ன்ஷ்டைன். இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192-இல் பிடித்து அடைத்த கோட்டை டூர்ன்ஷ்டைனுக்கு மேலே இடிந்து நிற்கிறது. வில்லென்டார்ஃபும் அதே கரைதான். 1908-இல் அங்கே தோண்டியபோது கிடைத்த சிறு பெண் சிலை கற்காலத்தது, இப்போது வியன்னா அருங்காட்சியகத்தில். தென்கரையில் பார்க்க இவ்வளவு இல்லை, ஆனால் வண்டி நடமாட்டம் குறைவு, பாதை பாதாமிப்பழ (ஆப்ரிகாட்) தோட்டங்களுக்குள் போகும். காலையில் தென்கரை, மதியம் படகில் கடந்து வடகரை என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும்.

ஆற்றுவழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். ஒயின் குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

சக்கரவாகம் எழுதியது:

மூன்று நாட்டிலும் மூன்று அளவு. பிரான்ஸில் கார் ஓட்டுபவருக்கு என்ன அளவோ அதேதான் சைக்கிளுக்கும்: லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் சாராயம். ஆஸ்திரியாவில் சைக்கிளுக்கு 0.8. ஜெர்மனியில் 1.6-ஐத் தொட்டால் நேரே குற்ற வழக்கு. ஆனால் தடுமாறி ஓட்டினாலோ விபத்து நடந்தாலோ 0.3-லேயே மாட்டிக்கொள்ளலாம்.

சட்டம் இருக்கட்டும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கல் சுவர், நடுவே இரண்டு மீட்டர் பாதை. எதிரே குழந்தைகளோடு ஒரு குடும்பம் வருகிறது. அங்கே ஒரு கிளாஸ் குடித்தவரின் பிரேக்கும் ஒரு நொடி தாமதமாகத்தான் பிடிக்கும். நான் சொல்லும் ஒரே வழி: மாலையில் சைக்கிளைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்ட பிறகுதான் முதல் கிளாஸ். தங்குமிடத்தை ஒயின் தயாரிப்பவர் வீட்டிலேயே எடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே எழாது. பாதாள அறையிலிருந்து படுக்கைக்கு மாடிப்படிதான் தூரம்.

மேற்குக்காற்று எழுதியது:

பகலில் ருசி பார்க்க ஆசை என்றால் துப்பும் கிண்ணம் கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். தொழில்முறையில் ருசிப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

தேன்மொழி_லக்ஸ் எழுதியது:

லக்ஸம்பர்க்கிலிருந்து எழுதுகிறேன். மோசல் என்றாலே எல்லோரும் ட்ரியரில் தொடங்குகிறீர்கள். அதற்கு மேலே 40 கிலோமீட்டர் சொச்சம் ஆறுதான் இரண்டு நாட்டு எல்லை. ஒரு கரை லக்ஸம்பர்க், மறுகரை ஜெர்மனி. ஷெங்கன் கிராமம் அங்கேதான் இருக்கிறது. 1985 ஜூன் 14 அன்று அந்த ஒப்பந்தத்தை ஆற்றில் ஒரு கப்பலில் வைத்துத்தான் கையெழுத்திட்டார்கள். நீங்கள் விசாவுக்கு அலைந்து வாங்கிய அந்தப் பெயர் ஒரு சின்னத் திராட்சை ஊரின் பெயர்!

இங்கே 2020-லிருந்து நாடு முழுக்க பஸ், ரயில், டிராம் எல்லாம் இலவசம். ரயிலில் சைக்கிளுக்கும் காசில்லை. லக்ஸம்பர்க் நகரத்திலிருந்து வாசர்பில்லிக் வரை இலவச ரயிலில் வந்து இறங்கினால், அங்கிருந்து ஆற்றோரம் ட்ரியருக்கு 15 கிலோமீட்டர் மாதிரி. வழியில் இகெல் என்ற ஊரில் தெருவோரமாக 23 மீட்டர் உயரத்தில் ஒரு ரோமானியத் தூண் நிற்கும். துணி வியாபாரிக் குடும்பம் ஒன்று தங்களுக்காக எழுப்பிய நினைவுச் சின்னம். கணக்குப் பார்ப்பதும் மூட்டை கட்டுவதும் படகை இழுப்பதுமாக அவர்கள் தொழிலையே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். காரில் போகிறவர்களுக்கு அது ஒரு கண நேரம் கண்ணில் பட்டு மறைந்துவிடும்.

சைவம் பற்றிச் சொல்ல வேண்டும். ஒயின் வீடுகளில் பலகாரம் எளிமையாகத்தான் இருக்கும். ரொட்டி, பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு எப்போதும் கிடைக்கும். ஃப்ளாம்குஹென் என்ற மெல்லிய அடையில் பன்றி இறைச்சி போடுவது வழக்கம். போடாமல் கேட்டால் செய்து தருவார்கள். அறுவடைக் காலத்து வெங்காய அடையிலும் அது கலந்திருக்கும், கேட்காமல் வாங்காதீர்கள். ஆஸ்திரியாவில் லிப்டவர் என்று பாப்ரிகா மிளகாய்த்தூள் கலந்த தயிர்க்கட்டித் தடவல் ஒன்று உண்டு, அதில் சிலர் மீன் சேர்ப்பார்கள்.

உங்கள் மனைவி குடிப்பதில்லை என்றால் திராட்சைச் சாறு கேளுங்கள். தோட்டக்காரர்கள் தாங்களே பிழிந்து புட்டியில் அடைத்து வைத்திருப்பார்கள்.

செயின்பிடி எழுதியது:

டயர் பற்றி யாரும் பேசவில்லையே. பள்ளத்தாக்கு சமதளம், தார்ப் பாதை என்று மெல்லிய டயரில் போகாதீர்கள். மோசல் சரிவு முழுக்க ஸ்லேட் கல். மழை பெய்தால் சில்லு சில்லாக உதிர்ந்து பாதைக்கு வரும். கத்தி மாதிரி விளிம்பு. 40 மி.மீ. அகலமாவது இருக்கட்டும், உள்ளே பங்ச்சர் தடுப்புப் பட்டை இருந்தால் நல்லது.

அந்தக் கல்தான் அங்கே ஒயினையும் செய்கிறது. பகலில் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு இரவில் மெல்ல விடும். குளிர்ந்த நாட்டில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை பழுக்க அதுதான் காரணம். ஆற்று நீர் திருப்பி அடிக்கும் வெளிச்சமும் சேரும். மாலையில் சுவரோரம் நின்று கையை வைத்துப் பாருங்கள், சூரியன் மறைந்த பிறகும் கல் சுடும். பிரெம் கிராமத்துக்கு மேலே கால்மோன்ட் என்ற சரிவு, சில இடங்களில் 65 பாகை. ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனி கழி நட்டு, கிளையை இதய வடிவில் வளைத்துக் கட்டியிருப்பார்கள். ஆள் ஏற முடியாத இடத்தில் ஒற்றைத் தண்டவாளத்தில் சின்ன இன்ஜின் கூடை ஏற்றிக்கொண்டு போகும். அறுவடைக் காலத்தில் போகிறீர்கள், அது வேலை செய்வதைப் பார்க்கலாம்.

இன்னொன்று: அறுவடையில் டிராக்டருக்குத்தான் முதல் உரிமை. நாம் போகும் பாதையில் பாதிக்கு மேல் அவர்கள் வயல் பாதை. ஒதுங்கி நின்று வழி விடுங்கள்.

உயரம்_வேண்டும் எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஆற்றோரத் தார்ப் பாதையிலேயே நாள் முழுக்கப் போனால் பள்ளத்தாக்கைக் கீழேயிருந்து மட்டும்தான் பார்த்திருப்பீர்கள். கோஹெமுக்குக் கீழே பல இடங்களில் பாதை நெடுஞ்சாலையை ஒட்டியே போகிறது, லாரிச் சத்தம் காதைப் பிளக்கும். இதை மோசல் ரசிகர்கள் சொல்வதில்லை.

மலையேற்றம் வேண்டாம் என்கிறீர்கள், சரி. அப்படியென்றால் ஏற்றத்தை பஸ்ஸிடம் விடுங்கள். பெர்ன்காஸ்டல்-கூஸிலிருந்து சைக்கிளை பஸ்ஸில் ஏற்றி, மேலே ஐஃபல் மலைப்பகுதியில் டவுன் என்ற ஊரில் இறங்குங்கள். சுற்றிலும் எரிமலை வாய்களில் தேங்கிய வட்ட ஏரிகள். அங்கிருந்து பெரும்பகுதி பழைய ரயில் பாதை மேலேயே 58 கி.மீ. சைக்கிள் பாதை, சுரங்கமும் உயரப் பாலங்களுமாகப் பெரும்பாலும் இறக்கமாகவே ஆற்றுக்குக் கொண்டுவந்து விடும். ரயில் ஏறிய பாதை என்பதால் இறக்கமும் செங்குத்தாக இருக்காது. மோசலில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால்கூட இதைத்தான் செய்யச் சொல்வேன்.

சக்கரவாகம் எழுதியது:

நெடுஞ்சாலைச் சத்தம் உண்மை, மறுக்கவில்லை. அதனால்தான் கோஹெமில் முடித்துக்கொண்டு மிச்சத்தை ரயிலில் போகலாம் என்பேன். டவுன் பாதைக்கு என் ஓட்டும் உண்டு.

சத்தம் என்றதும் இதைச் சொல்லத் தோன்றுகிறது. ஊர்ஸிக் பக்கம் போகும்போது தலைக்கு மேலே 160 மீட்டர் உயரத்தில் ஒரு பாலம் பள்ளத்தாக்கைத் தாண்டும். 1.7 கி.மீ. நீளம், 2019 நவம்பரில் திறந்தார்கள். மேலே மலைக்காட்டில் போடும் சாலையால் கீழே ரீஸ்லிங் சரிவுகளுக்கு வரும் நீர் பாதிக்கும் என்று ஒயின்காரர்கள் பல ஆண்டுகள் எதிர்த்துப் பார்த்தார்கள். நிற்கவில்லை. பாலத்தில் காரில் போகிறவர்களுக்கு மோசல் ஒரு நிமிடம். அந்த ஊர்களுக்கு இறங்கி வந்து, தங்கி, சாப்பிட்டு, ஒரு புட்டி வாங்குகிறவர்களில் கணிசமானவர்கள் சைக்கிள்காரர்கள். கார் இல்லாமல் போவதை நான் ஒரு தியாகமாகப் பார்க்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கு எந்த வேகத்தில் வாழ்கிறதோ அந்த வேகத்தில் போகிறோம், அவ்வளவுதான்.

பொதிசுமப்பவள் எழுதியது:

நன்றாகச் சொன்னீர்கள் அண்ணா. டான்யூபை விட்டுக் கொடுக்காமல் ஒன்று கேட்கிறேன், மோசல் ஒயின் எல்லாம் இனிப்பாமே?

சக்கரவாகம் எழுதியது:

இனிப்பும் உண்டு, இனிப்பில்லாததும் உண்டு. புட்டியில் 'ட்ரோக்கென்' என்று இருந்தால் இனிப்பிருக்காது, 'ஃபைன்ஹெர்ப்' என்றால் நடுத்தரம். கொஞ்சம் இனிப்பான கபினெட் வகையில் சாராய அளவு 8, 9 சதவீதம்தான் இருக்கும். நாள் முழுக்க மிதித்த உடம்புக்கு அது பாரமாகாது, காலையில் தலையும் கனக்காது.

பொதிசுமப்பவள் எழுதியது:

அப்படியென்றால் வாஹாவ் கணக்கையும் கேளுங்கள். அங்கே வெள்ளை ஒயினை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். லேசானது ஷ்டைன்ஃபேடர், 11.5 சதவீதத்துக்கு மேல் போகாது. தோட்டத்தில் முளைக்கும் ஒரு புல்லின் பெயர் அது. நடுத்தரம் ஃபேடர்ஷ்பீல், 12.5 வரை. அதற்கு மேலே ஸ்மரக்ட். வெயிலில் கல் சுவரில் படுத்திருக்கும் பச்சைப் பல்லியின் பெயர். சைக்கிள்காரருக்கு முதலாவது போதும். க்ரூனர் வெல்ட்லினர் என்ற திராட்சை வகையில் கேளுங்கள், வெண்மிளகு வாசம் வரும்.

அப்புறம், வாசலில் பைன் கிளைக் கொத்து தொங்கினால் அந்த வீட்டில் அன்று ஒயின் விற்கிறார்கள் என்று அடையாளம். தோட்டக்காரர் தன் ஒயினைத் தன் வீட்டிலேயே விற்கலாம் என்று 1784-இல் இரண்டாம் ஜோசப் பேரரசர் போட்ட ஆணையிலிருந்து வரும் வழக்கம். கொத்து இல்லையென்றால் கதவைத் தட்டாதீர்கள்.

தேன்மொழி_லக்ஸ் எழுதியது:

மோசலிலும் இதே மாதிரி உண்டு. ஆண்டுக்கு நான்கு மாதம், நாற்பது இருக்கைக்குள், தன் தோட்டத்து ஒயின் மட்டும் என்று விதி. அதனால் இன்று திறந்திருக்கும் வீடு அடுத்த வாரம் மூடியிருக்கும். திங்கள், செவ்வாயில் பல உணவகங்களும் மூடிக் கிடக்கும். அந்த இரண்டு நாளும் ட்ரியர், பெர்ன்காஸ்டல் மாதிரி பெரிய ஊரில் இரவு தங்கும்படி திட்டம் போடுங்கள், இல்லாவிட்டால் ரொட்டியும் வாழைப்பழமும்தான் இரவுச் சாப்பாடு.

அறை விஷயத்தில் இன்னொன்று. அறுவடைக் காலத்தில் பல வீடுகள் ஓர் இரவுக்கு மட்டும் அறை தர மாட்டார்கள். 'பெட் அண்ட் பைக்' பலகை தொங்கும் இடங்களில் அந்தத் தொல்லை இல்லை: ஓர் இரவானாலும் தர வேண்டும், சைக்கிள் வைக்கப் பூட்டிய இடமும் தர வேண்டும். ஜெர்மன் சைக்கிள் சங்கம் நடத்தும் ஏற்பாடு. பிரான்ஸில் 'அக்கேய் வெலோ' பலகையைப் பாருங்கள், பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் இடங்களுக்கு மட்டுமே அது கிடைக்கும்.

ஆற்றுவழி எழுதியது:

இருவரும் உட்கார்ந்து பேசினோம். மோசல் என்று முடிவு. லக்ஸம்பர்க் வழியாக வந்து ட்ரியரில் தொடங்கி, டவுன் பாதைக்கு ஒரு நாள் ஒதுக்கி, கோஹெமில் முடித்து ரயிலில் கோப்லென்ஸ். வாஹாவ் அடுத்த வசந்தத்துக்கு, பாதாமி பூக்கும் சமயத்தில்.

கடைசியாக மூன்று கேள்வி. ரயிலில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வேண்டுமா? எடுத்துப் போகும் புட்டியை என்ன செய்வது? அறுவடைக் காலத்தில் மட்டும் கிடைக்கும் புது ஒயின் என்று எங்கோ படித்தேன், அது என்ன?

சக்கரவாகம் எழுதியது:

வசந்தத்தில் பூப் பார்க்க ஏப்ரல் முதல் பாதியிலேயே போய்விடுங்கள், பிந்தினால் உதிர்ந்துவிடும்.

ரயில்: மண்டல ரயில்களில் சைக்கிளுக்கு முன்பதிவு இல்லை. மோசல் இருக்கும் ரைன்லாண்ட்-ஃபல்ஸ் மாநிலத்துக்குள் வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகும், வார இறுதியில் நாள் முழுக்கவும் இலவசம். ஆனால் இடம் இருந்தால்தான் ஏற்றுவார்கள், சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்கும் முதலிடம். ஞாயிறு மாலை கோஹெமில் ஏறாதீர்கள். ஐசி, ஐசிஇ வகை விரைவு ரயிலில் போவதானால் சைக்கிளுக்கு டிக்கெட்டும் முன்பதிவும் இரண்டும் கட்டாயம், இடமும் சொற்பம். நீங்கள் நிறைய மண்டல ரயில் ஏறுவதாக இருந்தால் ஜெர்மனி மாதச் சீட்டைப் பாருங்கள். 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. அது ஆளுக்குத்தான், சைக்கிளுக்கு அல்ல. தானே புதுப்பித்துக்கொள்ளும் சந்தா என்பதால் மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும்.

புட்டி: ஒன்று ஏறக்குறைய 1.2 கிலோ இருக்கும். ஆறு புட்டி வாங்கினால் பின் சக்கரம் அழும். தோட்டக்காரரிடம் பெட்டி கட்டித் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள், எல்லோரும் செய்கிறார்கள். ஐரோப்பாவில் உறவினர் யாராவது இருந்தால் அவர் முகவரி கொடுத்துவிடலாம்.

தேன்மொழி_லக்ஸ் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். ஃபேடர்வைசர் என்பார்கள். நொதித்துக்கொண்டே இருக்கும் திராட்சைச் சாறு. கலங்கலாக, இனிப்பாக, நுரையோடு இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் மட்டும்தான். இனிப்பை நம்பி இரண்டாவது கிளாஸ் கேட்காதீர்கள், சாராயம் ஏறிக்கொண்டே போகும் பானம் அது.

உள்ளே வாயு உண்டாகிக்கொண்டே இருப்பதால் புட்டியை இறுக மூட மாட்டார்கள், மூடியில் காற்றுப் போக வழி இருக்கும். படுக்க வைத்தால் ஒழுகிவிடும். பக்கப்பையில் துணிகளுக்கு நடுவே சாய்த்து வைத்தால் இரவு போட்டுக்கொள்ளச் சட்டை இருக்காது. வாங்கினால் கைப்பிடிப் பையில் நிமிர்த்தி வையுங்கள். முடிந்தால் வாங்கிய ஊரிலேயே குடித்து முடித்துவிடுங்கள்.

செயின்பிடி எழுதியது:

தண்ணீர் புட்டி மாட்டும் கூண்டில் நிற்கும், பெரிய அளவுக் கூண்டு இருந்தால். ஸ்லேட் கல் பாதையில் போகும்போது ஒரு ரப்பர் பட்டையால் கட்டிவிடுங்கள்.